இரும்புக்கையும் கைரேகையும்: முத்து காமிக்ஸின் நிழற்படையைக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

இயல்பை மீறிய ஆற்றலுடைய ஒருவரைக் கண்காணித்துப் பணியமர்த்தும் அரசமைப்பு, இருபதாம் நூற்றாண்டுப் படக்கதைகளில் நிலைபெற்றுவிட்ட ஒரு புனைவு. தமிழ் வாசகர்களுக்கு இப்புனைவு முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவி கதைகளில் இடம்பெறும் நிழற்படை வழியாகவே பரவலாக அறிமுகமானது. குற்றவாளியாகத் தொடங்கிய ஒருவன் அரசமைப்பின் கீழ் வந்து நல்லவனாகிறான் என்பது அக்கதைகளின் அடிக்கட்டுமானம். கம்பம் பள்ளத்தாக்கு உள்ளிட்ட அன்றைய மதுரை மாவட்டத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் இயங்கிய நிருவாகமும், அதனோடு பிணைந்த கள்ளர் சீரமைப்புத் திட்டமும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையும் இதே கட்டுமானம் உடையது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கும் இக்கட்டுரை, மீநாயகர் கதைகளில் வரும் அரசமைப்பு எவற்றை மறைத்துத் தன்னை நல்லதாகக் காட்டிக்கொள்கிறது என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தமிழ் காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி, நிழற்படை, ரேகைச் சட்டம், கள்ளர் சீரமைப்பு, கம்பம் பள்ளத்தாக்கு

முன்னுரை

தமிழில் காமிக்ஸ் குறித்து எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி நினைவேக்கம் சார்ந்தது. எந்தக் கதை எந்த ஆண்டில் எந்த விலையில் வந்தது, எந்த அட்டைப்படத்தை யார் வரைந்தார், எந்த இதழ் இன்று கிடைத்தற்கரியது என்பன போன்ற செய்திகளை வாசகர்களும் சேகரிப்பாளர்களும் அரிதின் முயன்று தொகுத்துள்ளனர். அவ்வுழைப்பு இல்லையெனில் இத்துறையில் ஆய்வு என ஒன்றைத் தொடங்குவதே கடினம். எனினும் இளமைக்கால இன்பத்தின் நினைவாக மட்டுமே இக்கதைகள் பேசப்பட்டுவருவதால், அவை அரசு, குற்றம், ஆற்றல் ஆகியவற்றைப் பற்றி என்ன சொல்கின்றன என்னும் கேள்வி எழுப்பப்படாமலே போயிற்று.

இக்கட்டுரை அக்கேள்வியை ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியிலிருந்து எழுப்புகிறது. தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த பண்ணைப்புரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள ஊர். தேனி மாவட்டம் உருவாவதற்கு முன் இப்பகுதி மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. சிவகாசியில் அச்சாகிய முத்து காமிக்ஸ் இதழ்கள் பேருந்து நிலையக் கடைகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் கைமாறிப் படிக்கப்பட்ட தென்மாவட்ட வாசக உலகின் ஒரு மூலை அது. கட்டுரையாளர் அவ்வூர்ப் பகுதியைச் சேர்ந்தவர் என்பதைத் தவிர இத்தெரிவுக்கு வேறொரு காரணமும் உண்டு. மனிதரைப் பட்டியலிட்டு, கையின் பதிவை வாங்கி, இரவுதோறும் கண்காணித்த ஓர் அரசு நிருவாகம் இப்பள்ளத்தாக்கில் உண்மையாகவே இயங்கியது.

மாயாவியும் நிழற்படையும்

இரும்புக்கை மாயாவியின் மூலக்கதை பிரிட்டனில் தோன்றியது. 1962 அக்டோபர் 6 நாளிட்ட ‘வேலியண்ட்’ வார இதழின் முதல் இதழிலேயே ‘தி ஸ்டீல் க்ளா’ என்னும் தலைப்பில் அத்தொடர் தொடங்கிற்று. தொடக்கக் கதைகளைக் கென்னத் புல்மரும் பின்னர் வந்தவற்றை டாம் டல்லியும் எழுதினர்; ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். நாயகன் லூயி கிராண்டல், பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வக உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்தப்பட்டவன். ஆய்வகத்தில் அவன் உடலில் மின்சாரம் பாய்கையில் உடல் கண்ணுக்குப் புலனாகாமல் மறைகிறது. உலோகக் கை மட்டும் மறையாமல் எஞ்சுகிறது. இவ்வாற்றலைப் பெற்றவுடன் அவன் நன்மை செய்யப் புறப்படவில்லை. கொள்ளையும் மிரட்டலுமே அவனுடைய முதற்செயல்கள். தொடர் வளர்ந்த பின்னரே அவன் ‘ஷேடோ ஸ்குவாட்ரன்’ என்னும் இரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறான்.

தமிழில் இக்கதைகளை 1972இல் சிவகாசியில் மு. சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் வெளியிட்டது. முல்லை தங்கராசன் அதன் தொடக்ககால ஆசிரியர். முதல் இதழின் தலைப்பே ‘இரும்புக்கை மாயாவி’ என்பதாகும். அதன்பின் பல பதிற்றாண்டுகளாக மறுபதிப்புகள் வழியாகவும் இந்நாயகன் தமிழில் நிலைத்துள்ளான். பிரிட்டனில் பெரும்பாலும் மறக்கப்பட்ட ஒரு பாத்திரம் தமிழில் மக்கள் நினைவின் பகுதியாகியிருப்பது தற்செயலன்று. அப்பாத்திரத்தில் தமிழ் வாசகருக்கு இணக்கமான ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

அமைப்பில் சேர்ந்தபின் மாயாவியின் வாழ்வில் நிகழும் மாற்றங்கள் கவனிக்கத்தக்கவை. அவனுக்கு ஒரு தலைமை கிடைக்கிறது, ஆணைகள் வருகின்றன, எதிரி யார் என்பதை அவன் இனிமேல் தானே தீர்மானிப்பதில்லை. அவனுடைய கையும் மாற்றத்துக்கு உள்ளாகிறது. விரல்களுக்குள் ஆயுதங்களும் கருவிகளும் பொருத்தப்படுகின்றன. அதாவது, அமைப்பு அவனைப் பணியில் அமர்த்தியதோடு நில்லாமல் அவன் உடலின் ஓர் உறுப்பையே தன் கருவியாக ஆக்கிக்கொள்கிறது. கதையோ இதனைப் பறிப்பாகக் காட்டுவதில்லை, பரிசாகவே காட்டுகிறது. வாசகரும் அவ்வாறே மகிழ்கிறார்.

பெயர்ப்பில் நேர்ந்த மாற்றங்கள்

மொழிபெயர்ப்பில் மூன்று சொற்கள் தனிக்கவனம் பெற வேண்டியவை. முதலாவது ‘க்ளா’. இது விலங்கின் உகிரைக் குறிக்கும் சொல். ‘இரும்பு உகிர்’ என்றோ ‘எஃகு நகம்’ என்றோ பெயர்த்திருந்தால் நாயகனின் விலங்குத்தன்மை தலைப்பிலேயே நின்றிருக்கும். தமிழ் ‘கை’ என்றது. உகிர் கிழிக்கும், கை உழைக்கும், கொடுக்கும், திருடும், கும்பிடும், ரேகை வைக்கும். தமிழ்ப் பெயர் நாயகனை மனிதனாக்கிவிட்டது. அதே நேரத்தில் ‘இரும்புக்கரம் கொண்டு அடக்குதல்’ என்று அரசின் ஒடுக்குமுறையைக் குறிக்க மேடைகளிலும் நாளிதழ்களிலும் வழங்கும் தொடருக்கு மிக அருகில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தியது. இரும்புக்கை யாருடையது என்னும் ஐயம் தமிழ்ப் பெயரில்தான் எழுகிறது.

இரண்டாவது ‘மாயாவி’. மூலத் தலைப்பில் இதற்கு இணையான சொல்லே இல்லை. இராமாயணத்தில் மாயாவி என்பவன் வாலியோடு பொருது குகைக்குள் புகுந்த அசுரன். மாயம் செய்வோன் என்னும் பொதுப்பொருளில் இச்சொல் வழங்கினாலும், மாயம் தமிழ் மரபில் வஞ்சனையோடும் தொடர்புடையது. ஆகவே குற்றவாளியாகத் தொடங்கிய நாயகனின் பழைய வாழ்வைத் தமிழ்ப் பெயர் என்றென்றைக்கும் சுமந்துகொண்டிருக்கிறது. அவன் எத்தனை முறை உலகைக் காத்தாலும் பெயர் மாறுவதில்லை.

மூன்றாவது ‘நிழற்படை’. ஆங்கிலத்தில் ‘ஷேடோ’ என்பது உளவு அமைப்பின் பெயரில் வரும்போது மறைவையும் இருளையும் பின்தொடர்தலையும் குறிக்கும். தமிழில் நிழல் முதன்மையாகத் தண்மை, காவல். அரசனின் குடைநிழலும் தாள்நிழலும் குடிகளுக்குப் புகலிடம் என்பது சங்க இலக்கியம் தொட்டு வரும் கருத்து. வெயில் மிகுந்த நிலத்தின் மொழியில் நிழல் என்னும் சொல்லை அச்சத்தோடு மட்டும் பொருத்திவிட முடியாது. இப்பெயர்ப்பின் வழியே மறைந்திருந்து இயங்கும் ஓர் அமைப்பு, தன்னிடம் வந்தவருக்குப் புகல் தரும் அமைப்பாகவும் ஒலிக்கத் தொடங்குகிறது. அடுத்து வரும் ‘படை’யும் நோக்கத்தக்கது. அரசின் அலுவல் அமைப்புகளைத் தமிழ் ‘துறை’ என்றே வழங்கும்: காவல்துறை, வருவாய்த்துறை, வனத்துறை. துறை என்றால் கோப்பும் முத்திரையும் காத்திருப்பும் நினைவுக்கு வரும். படை என்றால் வீரம் நினைவுக்கு வரும். ‘நிழல்துறை’ என்று பெயர் சூட்டப்பட்டிருந்தால் எந்தச் சிறுவனும் அதில் சேரக் கனவு கண்டிருக்க மாட்டான்.

மனந்திருந்திய மூவர்

தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் கொண்டாடிய பிரிட்டானிய நாயகர்களுள் மூவர் முன்னாள் குற்றவாளிகள் என்பது இதுவரை போதிய கவனம் பெறாத செய்தி. மாயாவி ஒருவன். 1984இல் சிவகாசியிலிருந்தே வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸின் முதல் இதழ் நாயகி மாடஸ்டி பிளைசி மற்றொருவர். பீட்டர் ஓ'டோனல் 1963இல் படைத்த மாடஸ்டி, ஒரு குற்றக் கும்பலின் தலைவியாக இருந்து பொருளீட்டி ஓய்வு பெற்றபின், பிரிட்டானிய உளவுத்துறையைச் சேர்ந்த சர் ஜெரால்டு டாரன்ட்டின் வேண்டுகோளை ஏற்றுச் செயல்படுபவர். மூன்றாமவன் ஸ்பைடர். 1965இல் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில், குற்றவாளிகளின் பேரரசனாக விரும்பும் வல்லவனாக அறிமுகமாகி, பின்னர் குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறியவன். சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் இத்தொடரின் பெரும்பகுதியை எழுதினார்.

மூவரும் திருந்தும் முறைகள் வேறு. மாயாவி ஓர் அமைப்புக்குள் சென்று திருந்துகிறான். மாடஸ்டி எந்த அமைப்பிலும் சேர்வதில்லை; டாரன்ட் கேட்கிறார், அவர் விரும்பினால் செய்கிறார். மறுக்கும் உரிமை எப்போதும் அவரிடம் உள்ளது. ஸ்பைடரோ செருக்கினால் திருந்துகிறான். சிறிய குற்றவாளிகளை வெல்வதைவிடப் பெரிய குற்றவாளிகளை வெல்வது தன் பெருமைக்கு ஏற்றது என்பதே அவன் நிலை. இம்மூவருக்கும் எதிர்முனையில் லீ ஃபாக் 1936இல் படைத்த வேதாளர் நிற்கிறார். அங்கே காட்டைக் காக்கும் காவற்படையின் முகந்தெரியாத் தலைவரே நாயகர்தாம். படையின் அதிகாரிகளுக்கும் அவர் யாரென்று தெரியாது. அமைப்பு நாயகரைக் கண்காணிப்பதற்கு மாறாக, நாயகரே அமைப்பை மறைந்திருந்து நடத்துகிறார்.

ஆகவே ஆற்றலுடையவருக்கும் அரசுக்கும் உள்ள உறவைத் தமிழ் காமிக்ஸ் ஒரே வகையாகக் காட்டவில்லை. கீழ்ப்படிதல், உடன்பாடு, தன்னிச்சை, மறைமுகத் தலைமை என நான்கு வாய்ப்புகள் வாசகர் முன் இருந்தன. அவற்றுள் கீழ்ப்படியும் மாயாவியே தமிழ் காமிக்ஸின் முதல் முகமாக நின்றான். இதன் பொருளை உணர, திருந்துதல் என்னும் சொல் இந்நிலப்பகுதியில் எவ்வாறு நிருவாகச் சொல்லாக இயங்கியது என்பதை அறிய வேண்டும்.

ரேகைச் சட்டம்: பள்ளத்தாக்கின் உண்மை நிருவாகம்

1871இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டின் புதிய வடிவத்தில் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. 1914 முதல் மதுரை மாவட்டத்தின் பிரமலைக் கள்ளர்கள் கட்டங்கட்டமாக அச்சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டனர். பட்டியலில் சேர்க்கப்பட்டவர்களின் விரல் ரேகைகள் பதியப்பட்டன. அதனாலேயே மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர். பதிவு பெற்ற ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ச்சாவடியிலோ வந்து தம் இருப்பைக் காட்ட வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் இப்பதிவை எதிர்த்த மக்கள் மீது காவலர்கள் சுட்டனர். மாயக்காள் உள்ளிட்ட பலர் உயிரிழந்தனர்.

இச்சட்டத்துக்கு முற்பட்ட நிலையையும் நோக்க வேண்டும். ஊர்களைக் காப்பதும், களவு போன மாட்டைத் துப்புக்கூலி பெற்று மீட்டுத் தருவதும், மீட்க இயலாதபோது ஈடு தருவதும் கள்ளர் காவல் முறையின் கூறுகள். காலனிய அரசு அம்முறையைக் கொள்ளையின் மறுபெயராகவே கண்டது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இல் எழுதிய கட்டுரை இந்தக் குற்றமுத்திரையை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008) மதுரையின் காவல் வரலாற்றை நாவலாக்கிற்று. காவல் செய்தவர்களே காவலுக்கு உட்பட்டவர்களானது இவ்வரலாற்றின் மையமான திருப்பம்.

தண்டனையோடு சீர்திருத்தமும் வந்தது. பள்ளிகள், விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றைக் கொண்ட கள்ளர் சீரமைப்புத் திட்டம் உருவாயிற்று. அதன்வழி வந்த கள்ளர் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் உள்ளன. பல தலைமுறைகளுக்குக் கல்வி தந்த நிறுவனங்கள் அவை; அந்த நன்மை மறுக்கத்தக்கதன்று. ஆயினும் இத்திட்டத்தின் உள்ளே இருந்த கதை எளிது: இவர்கள் ஆற்றலுடையவர்கள், ஆனால் அவ்வாற்றல் தீய வழியில் செல்கிறது; அரசு அதனை நல்வழிப்படுத்தும். கம்பம் பள்ளத்தாக்கில் களப்பணி செய்து ஆனந்த் பாண்டியன் எழுதிய நூல் (2009), காவல்துறையும் சீர்திருத்தமும் வேளாண்மையும் இம்மக்களின் ஒழுக்க உணர்வுக்குள் எவ்வாறு ஊடுருவின என்பதை விரிவாகக் காட்டுகிறது. சீர்திருத்தக் கதை மேலிருந்து சொல்லப்பட்டதோடு முடியவில்லை; கேட்டவர்களும் அதைத் தமக்குள் சொல்லிக்கொள்ள நேர்ந்தது.

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்டது. எனினும் சென்னை மாகாணத்தில் 1948இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. முத்து காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தபோது ரேகைச் சட்டம் நீங்கி இருபத்தைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ரேகை வைத்தவர்கள் பலர் அப்போது உயிரோடு இருந்த காலம் அது.

மறைதலும் தோன்றுதலும்

இவ்விரு கதைகளையும் அருகருகே வைக்கும்போது மூன்று வேறுபாடுகள் தெளிவாகின்றன.

முதலாவது, ஒருவர் என்பதும் ஒரு குலம் என்பதும். மாயாவி தன் செயலுக்காகவே குற்றவாளி. அவன் செய்த கொள்ளைகள் வாசகர் கண்முன் நிகழ்ந்தவை. ரேகைச் சட்டமோ பிறப்பையே குற்றமாக்கியது. இவ்வகையில் அமெரிக்கப் படக்கதைகளில் அதற்கு நெருங்கிய இணையாக நிற்பவர்கள், 1963இல் தொடங்கிய ‘எக்ஸ்-மென்’ தொடரின் மியூட்டன்ட்கள். அவர்கள் பிறப்பாலேயே ஆற்றல் பெற்றவர்கள். அவர்களைப் பதிவு செய்யும் சட்டம் பிற்காலக் கதைகளில் திரும்பத் திரும்ப அச்சுறுத்தலாக வருகிறது. 1965இல் அறிமுகமான ‘ஷீல்ட்’ அமைப்பு நாயகர்களைத் தன் பணிக்கு அழைப்பது. ‘வாட்ச்மென்’ (1986-87) கதையின் கீன் சட்டம் அரசுப் பணியில் சேராத முகமூடி நாயகர்களைத் தடை செய்வது. ‘சிவில் வார்’ (2006-07) கதையின் பதிவுச் சட்டம் நாயகர்களை இரு அணிகளாகப் பிளப்பது. அரசு தன் பட்டியலை நீட்ட நீட்ட அமெரிக்கப் படக்கதை அதனை ஐயத்தோடு நோக்கத் தொடங்கியதை இவ்வரிசை காட்டுகிறது. தமிழில் நிலைத்த மாயாவி கதைகள் இந்த ஐயம் தோன்றுவதற்கு முந்தைய கட்டத்தைச் சேர்ந்தவை.

இரண்டாவது, இசைவு. மாயாவிக்கு அமைப்பு ஒரு பணி. விலகும் வாய்ப்பு கதையளவில் இல்லாமற்போவதில்லை. பட்டியலில் இடம்பெற்றவருக்கு விலகல் என்பது அதிகாரியின் கையில் இருந்தது. சீர்திருத்தம் என்னும் சொல் இரண்டு இடங்களுக்கும் பொருந்தினாலும், ஒன்றில் அது கதைத்திருப்பம்; மற்றொன்றில் அன்றாடக் கட்டாயம்.

மூன்றாவது வேறுபாடே இக்கட்டுரையின் மையம். நிழற்படை தன் ஆளிடம் வேண்டுவது மறைதல். அவன் எவ்வளவு முழுமையாகக் கண்ணுக்குத் தெரியாமற்போகிறானோ அவ்வளவுக்கு நல்ல பணியாளன். ரேகைச் சட்டம் வேண்டியது இதற்கு நேர்மாறு. இரவு முழுதும் கண்ணில் படும்படி இருப்பவனே நல்லவன். கணக்கெடுக்கும் வேளையில் காணப்படாதவன் குற்றவாளி. ஒரே அரசு மரபிலிருந்து பிறந்த இவ்விரு கற்பனைகளும் ஓரிடத்தில் மட்டும் ஒன்றுபடுகின்றன. அந்த இடம் கை. மின்சாரம் பாய்ந்து மாயாவியின் முகமும் உடலும் மறைந்தபின் இருளில் மிதப்பது அவன் கை மட்டுமே. பட்டியலிடப்பட்டவரின் முகமும் குரலும் வரலாற்றிலிருந்து மறைந்தபின் பதிவேட்டில் எஞ்சியதும் அவர் விரலின் பதிவே. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்தில் முழுக்கையின் பதிவை வாங்கியதும், 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பிரிவு நிறுவப்பட்டதும், மனிதனை அவன் கையாகச் சுருக்கி அறிய முடியும் என்னும் அரசின் நம்பிக்கை வளர்ந்த வழியைக் காட்டுவன. பிளாஸ்கோவின் ஓவியத்தில் ஆளின்றி அசையும் கை வியப்பைத் தருகிறது. பதிவேட்டின் தாளில் ஆளின்றிக் கிடக்கும் ரேகை அவ்வியப்பைத் தருவதில்லை.

எஃகுக் கைக்கு ரேகை கிடையாது என்பதையும் இங்குச் சேர்த்து எண்ண வேண்டும். பதிய முடியாத கையை உடைய ஒருவனை அரசு தனதாக்கிக்கொண்டது என்னும் கதை, பதியப்பட்ட கைகளின் நிலத்தில் எத்தகைய விடுதலைக் கற்பனையாக இருந்திருக்கக்கூடும் என்பதை இவ்வாசிப்பு ஒரு வாய்ப்பாக முன்வைக்கிறது.

நிழற்படையில் எழுத்தர் இல்லை என்பதும் கருதத்தக்கது. தலைவர் இருக்கிறார், உளவாளிகள் இருக்கிறார்கள், இரகசியத் தலைமையகம் இருக்கிறது. பெயரை எழுதிக்கொள்பவரும், வராதவரைக் குறித்துக்கொள்பவரும், மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்புபவரும் வரையப்படுவதில்லை. அரசமைப்பின் வன்மை துப்பாக்கியில் இருப்பதைவிடப் பதிவேட்டில் மிகுதியாக இருக்கிறது என்பதை அனுபவித்து அறிந்த நிலப்பகுதியிலிருந்து நோக்கினால், இந்த இன்மையே அமைப்பை நல்லதாகத் தோன்றச் செய்யும் உத்தி என்பது புலப்படும்.

பண்ணைப்புரத்தின் நாயகர்கள்

இப்பகுதி தன் நாயகர்களைப் பற்றிச் சொல்லிவரும் கதைகள் மாயாவிக் கதையிலிருந்து வேறுபடுவதும் இங்குக் குறிக்கத்தக்கது. முல்லைப் பெரியாறு அணையை 1895இல் முடித்த பொறியாளர் பென்னிகுயிக் கம்பம் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ வழிபாட்டுக்குரியவர். அவர் படம் வீடுகளிலும் கடைகளிலும் உண்டு. அவருக்குப் பொங்கல் வைப்பதும் வழக்கம். 2013இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அரசு நிதியை நிறுத்திவிட, தம் சொத்தை விற்று அவர் அணையைக் கட்டி முடித்தார் என்பது மக்கள் சொல்லும் கதை. இதன் ஆவண ஆதாரம் விவாதத்துக்குரியது. ஆனால் கதையின் அமைப்பு தெளிவானது. அரசின் பொறியாளர் ஒருவரையே, அரசை மீறியதால்தான் மக்கள் நாயகராக ஏற்கிறார்கள். நிருவாகம் இங்கே தடை. நாயகத்தன்மை அதைக் கடப்பதில் உள்ளது.

பண்ணைப்புரத்தின் சொந்த நாயகர்கள் இசைக்கலைஞர்கள். பாவலர் வரதராசனும் அவர் தம்பியரும், அவர்களுள் 1943இல் பிறந்த இளையராஜாவும், இவ்வூரிலிருந்து புறப்பட்டவர்கள். பாவலர் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958இல் மலைக்கு அப்பால் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாட்டு முக்கியப் பங்காற்றியது. ஆற்றல் எங்கிருந்து வருகிறது, அதை யார் அடையாளம் காண்கிறார்கள் என்னும் கேள்விக்கு இவ்வூர் தந்த விடை மேடையும் மக்கள் கூட்டமும் ஆகும்; துறையும் பதிவேடும் அன்று. ஆகவே நல்லமைப்பு ஒன்று ஆற்றலைக் கண்டெடுத்துத் திருத்திப் பயன்கொள்ளும் என்னும் நிழற்படைக் கதை, இப்பள்ளத்தாக்கின் வாய்மொழி மரபுக்கு அயலானது. அதற்கு மிக நெருங்கிய உள்ளூர்ப் பிரதி சீரமைப்புத் திட்டத்தின் கோப்புகளிலேயே இருக்கிறது.

ஒரு மறுப்பும் விடையும்

சிறுவர் படித்த கேளிக்கைக் கதையின் மேல் காலனியச் சட்ட வரலாற்றை ஏற்றுவது பொருந்துமா என்னும் மறுப்பு எழலாம். மாயாவியைப் படித்தோர் ரேகைச் சட்டத்தை நினைத்தனர் என்பதற்குச் சான்று உண்டா எனவும் கேட்கலாம். வாசகர் அவ்வாறு நினைத்தனர் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. இரு கதைகளுக்கும் பொதுவான கட்டுமானம் உண்டு என்பதும், அக்கட்டுமானம் எங்கிருந்து நோக்குகிறோம் என்பதைப் பொறுத்து வேறு பொருள் தருகிறது என்பதுமே வாதம். ஆபத்தான ஆற்றல் உடலில் உறைகிறது, அதனை அரசு ஒன்றே நல்வழிப்படுத்த முடியும் என்னும் நம்பிக்கையைப் பேரரசின் நிருவாகம் சட்டமாக எழுதியது. பேரரசு மறைந்துகொண்டிருந்த காலத்தில் பிரிட்டானிய வார இதழ் அதையே சாகசமாக எழுதியது. சட்டம் நீங்கிய நிலத்துக்குச் சாகசம் மொழிபெயர்ப்பாக வந்து சேர்ந்தது.

கேளிக்கை என்பதால் இக்கதைகளை விட்டுவிடுவதும் சரியன்று. அரசு மனிதரைத் திருத்துகிறது என்னும் எண்ணத்தை ஒரு தலைமுறை பாடநூலில் கற்றதைவிட மிக விரும்பி இத்தகைய கதைகளில் கற்றது. விரும்பிக் கற்ற ஒன்றே ஆராயப்பட வேண்டியது.

முடிவுரை

மேற்கண்ட வாசிப்பிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, ‘க்ளா’ கையாகவும் ‘ஷேடோ’ நிழலாகவும் ‘ஸ்குவாட்ரன்’ படையாகவும் மாறிய மொழிபெயர்ப்பு, மறைமுகக் கண்காணிப்பு அமைப்பு ஒன்றைப் புகல் தரும் அமைப்பாகத் தமிழ்ப்படுத்தியது. இரண்டு, தமிழ் காமிக்ஸ் ஏற்றுக்கொண்ட பிரிட்டானிய நாயகர்களிடையே மனந்திருந்திய குற்றவாளி ஒரு முதன்மை வகைமை. அவ்வகைமையைச் சீர்திருத்த நிருவாகத்தின் வரலாற்றோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். மூன்று, மீநாயகரை மேற்பார்வையிடும் கற்பனை அமைப்பு பட்டியலையும் எழுத்தரையும் இசைவின்மையையும் தன் சட்டகத்துக்கு வெளியே நிறுத்துவதாலேயே நல்லதாகத் தோன்றுகிறது.

ரேகைச் சட்டத்தின் பின்புலத்தைத் தமிழ் நாவல் எழுதியிருக்கிறது. ‘காவல் கோட்டம்’ போலவே வேல ராமமூர்த்தியின் ‘குற்றப் பரம்பரை’யும் இதற்குச் சான்று. படமும் சொல்லும் இணைந்த கலைவடிவம் அப்பணியை ஏற்குமானால், அது வரைய வேண்டியவை நிழற்படை ஒருபோதும் காட்டாத காட்சிகள்: ஊர்ச்சாவடி, இரவு, அரிக்கேன் விளக்கு, மைப்பலகை, நீட்டிய கை. அக்காட்சியில் கையை நீட்டியிருப்பவரின் முகத்தையும் ஓவியர் வரைந்தாக வேண்டும்.